நாச்சிமுத்து வீட்டுத் தண்ணீர்

அந்த மூட்டையை எடு.

உன்னைத்தான் தம்பி. எடுத்துக் காலுக்கடியில் வை. இடமில்லைன்னா மடியில் வை. தலைக்கு மேலே சிவப்பில் என்ன எழுதியிருக்கு, படி. அவசர வழி. அவசர வழியை மூட்டை வச்சு அடைச்சுட்டா அவசரத்துக்கு எதில் இறங்குவே? கண்டக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டார். மூட்டைக்கு டிக்கெட் போட்டாச்சு, அவர் வேலை முடிஞ்சது.

சரி. இப்ப உட்காரு.

என்ன அதில்? துண்டா. தாராபுரத்துக்கா. நான் அதுக்கு முன்னாலேயே இறங்கிடுவேன். காளிபாளையம் பிரிவு. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

போலீஸ் இல்லை. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. தீயணைப்பு. முப்பத்திரண்டு வருஷம். மாவட்ட அலுவலரா இருந்து ரிட்டயர் ஆனேன். கெட்டது எதுவும் குடிச்சதில்லை, எவன்கிட்டயும் கை நீட்டினதில்லை. அதை முதல்லயே சொல்லிடறேன்.

இது புத்தகம் இல்லை. தீசிஸ். நான் எழுதினது. எம்.இ., தீ பாதுகாப்புப் பொறியியல். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ. என் மருமகன் சிரிச்சு முடிச்சுட்டான். அறுபத்தோரு வயசில் காலேஜில் போய்ச் சேர்ந்தா சிரிக்காம என்ன செய்வாங்க. முதல் நாள் கிளாசுக்குள்ளே போறேன், பதினொரு பிள்ளைகளும் எழுந்து நிக்குது. வாத்தியார்னு நினைச்சுடுச்சுங்க. நான் நேரா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அதுக்கப்புறமும் ரெண்டு நிமிஷம் நின்னுக்கிட்டே இருந்துச்சுங்க.

ஏன் சேர்ந்தேன்னா, ரிட்டயர் ஆன எங்க ஆளுங்க எல்லாரும் கன்சல்டன்ட் ஆயிடுவாங்க. கட்டடத்துக்கு எங்கே படி வைக்கணும், எங்கே தண்ணித் தொட்டி வைக்கணும்னு சொல்ற வேலை. பேருக்குப் பின்னால் எம்.இ. இருந்தா மரியாதை. நான் அந்தக் காலத்து பி.இ. அதனால சேர்த்துக்கிட்டாங்க. அதுக்காகத்தான் சேர்ந்தேன். வேற காரணம் இல்லை.

கணக்கில் ஒரு அரியர் வந்துச்சு. எழுதித் தீர்த்தேன். மத்தபடி எனக்குப் பாடம் புதுசு இல்லை. புகை எப்படிப் போகும், இரும்பு எப்ப வளையும், எல்லாம் கண்ணால் பார்த்தது. அவங்க அதுக்கு ஒரு சமன்பாடு வச்சிருந்தாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். இப்படித்தான் முதல் வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இரண்டாம் வருஷம் புராஜெக்ட். உண்மையில் நடந்த ஒரு தீ விபத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் மறுபடியும் எரிக்கணும். கைடு பர்வீன் மேடம். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், என் மகளை விடச் சின்னது. "பரமானந்தம் சார், உங்ககிட்ட இல்லாத கேசா? நல்லதா ஒண்ணு எடுங்க"ன்னாங்க.

நல்லதா ஒண்ணு எடுத்தேன்.

பதினாலு வருஷத்துக்கு முந்தினது. ஊர் பேர் வேண்டாம். நான் அப்ப அங்கே நிலைய அலுவலர். பங்குனி மாசம், ஞாயித்துக்கிழமை, மத்தியானம் ரெண்டரை மணி. பெட்ஷீட் பேக்கிங் பண்ற கோடவுன். உள்ளே பஞ்சும் துணியுமா கூரை வரைக்கும் அடுக்கியிருந்தான். வாசல்னு இருந்தது ஒரு ஷட்டர், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை ஆளுங்க வேலை செஞ்சா வெளியே பூட்டிட்டுச் சாப்பிடப் போறது அந்த முதலாளி வழக்கம். இடையில் எழுந்து வீட்டுக்குப் போயிடக்கூடாதாம். உள்ளே ரெண்டு பொம்பளைங்க.

சந்து குறுகல். வண்டி உள்ளே போகலை. மெயின் ரோட்டிலேயே நிறுத்தி, அங்கேயிருந்து ஹோஸை ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு வரணும். எட்டு ஹோஸ். டிரைவரையும் சேர்த்து நாங்க அஞ்சு பேர்தான். டிரைவர்தான் பம்பையும் பாக்கணும். அந்த டிரைவர் பேர் நாச்சிமுத்து.

ஷட்டர் முன்னால் ஐந்நூறு பேர். கத்தறாங்க. "தெறங்கடா, தெறங்கடா, பொம்பளைங்க உள்ள இருக்குதுடா." ஒருத்தன் என் சட்டையைப் பிடிச்சுட்டான். கல் ஒண்ணு வந்து வண்டியில் விழுந்துச்சு. அந்த நேரத்தில் நாச்சிமுத்து ஹோஸ் முனையைத் தோளில் போட்டு இழுத்துக்கிட்டு வர்றான். என் காது பக்கம் வந்து சொல்றான்: "அய்யா, தண்ணி வரட்டுங்க. அதுவரைக்கும் தெறக்க வேண்டாங்க, காத்துப் பட்டாப் பத்திக்குங்க. பொகை பழுப்பா இருக்குது, உள்ளார இழுக்குது பாருங்க." சொல்லிட்டு பம்பை ஓட்ட ரோட்டுக்கு ஓடிட்டான்.

டிரைவர் எனக்குச் சொல்றான்.

நான் பூட்டை அறுக்கக் கட்டரை எடுக்கச் சொன்னேன். மூணே நிமிஷம். ஷட்டர் மேலே போச்சு. எல்லாரும் கை தட்டினாங்க தம்பி. அது எனக்கு இன்னும் காதில் இருக்கு. கை தட்டல் முடியறதுக்குள்ளே அந்தப் புகை ஒரு தடவை உள்ளே போச்சு. மூச்சு இழுக்கிற மாதிரி. அப்புறம் வெளியே வந்தது புகை இல்லை.

கட்டர் பிடிச்ச பையனுக்குப் புருவம் போச்சு. தண்ணி வர இன்னும் நாலு நிமிஷம் ஆச்சு. நடுவில் ஒரு ஹோஸ் ஓட்டை, மாத்தி மாட்டினாங்க.

கேக்கறியா? தூங்கினா சொல்லு, நிறுத்திக்கறேன்.

அணைச்சு முடிச்சு நான்தான் முதல்ல உள்ளே போனேன். பின்னால் பாத்ரூம். அதுக்குள்ளே ரெண்டு பேரும் இருந்தாங்க. பூங்கொடி, ருக்மணி. குழாய் திறந்தபடி ஓடிக்கிட்டிருந்துச்சு. கதவைத் தள்ளறேன், வரலை. கீழே என்னமோ தடுக்குது. பலமாத் தள்ளினப்புறம் பார்த்தேன். பெட்ஷீட்டை நனைச்சுக் கதவுக்கடியில் சந்து இல்லாம அடைச்சிருந்தாங்க. யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. அவங்களுக்கே தோணியிருக்கு.

அந்த பெட்ஷீட்டை நான் எடுத்து வாளிக்குள்ளே போட்டேன். ஏன் போட்டேன்னு கேக்காதே. கால் தடுக்கும்னு போட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அறிக்கை. "தீயணைப்பு ஊர்தி வந்து சேர்வதற்கு முன்னரே இருவரும் புகையால் இறந்திருந்தனர்." அப்படித்தான் எழுதுவோம். நான் மட்டும் இல்லை, யார் இருந்தாலும் அதைத்தான் எழுதுவாங்க. ஆனா ஊர் ஒத்துக்கலை. மறியல். தண்ணி ஏன் லேட்டுன்னு கேட்டாங்க. தண்ணிக்கு யார் பொறுப்பு? பம்பு ஆபரேட்டர். மேலேயிருந்து என்னைக் கேட்டாங்க, நானும் எழுதினேன். ஊர்தியைத் தவறான இடத்தில் நிறுத்தியதால் தாமதம்னு.

அவனுக்கு சார்ஜ் மெமோ. அவன் பதில் எழுதினான், ரெண்டு பக்கம், பென்சிலில் எழுதி அதுக்கு மேலேயே பேனாவில் எழுதினது. ஷட்டரைத் திறக்க வேண்டாம்னு அலுவலர்கிட்டச் சொன்னேன்னு. விசாரணையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. அப்படி ஒரு பேச்சே நடக்கலைன்னேன். வேற யாராவது கேட்டாங்களா? அந்தக் கூச்சலில், கட்டர் சத்தத்தில், யார் கேட்டிருப்பாங்க. சாட்சி இல்லை. அவனுக்கு மூணு வருஷ இன்கிரிமென்ட் கட். ஊட்டிப் பக்கம் மாத்திட்டாங்க. கடைசி வரைக்கும் பதவி உயர்வு இல்லாம ரிட்டயர் ஆனான். எனக்கு அடுத்த குடியரசு தினத்தில் கலெக்டர் கையால் நற்சான்று.

அதுக்கப்புறம் ஒருநாள்கூட அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பார்த்தா சல்யூட். ரிட்டயர் ஆனப்புறமும் சல்யூட். கேட்டிருந்தா நான் என்னமோ ஒண்ணு சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருந்தா இன்னும் நல்லது.

சரி, புராஜெக்ட்டுக்கு வர்றேன்.

நான் எதுக்கு அந்த கேசை எடுத்தேன் தெரியுமா? நான் எழுதினது சரின்னு வரும், அதுக்குத்தான். உள்ளே இருந்த ரெண்டு பேரும் முன்னாலேயே போயிட்டாங்கன்னு கம்ப்யூட்டர் சொல்லிடுச்சுன்னா, ஷட்டரை எப்பத் திறந்தா என்ன? அது என் வாயில் வந்ததா இருக்காது. சயின்ஸ் சொன்னதா இருக்கும்.

அறிக்கையோட நான் வரைஞ்ச படம் இருந்துச்சு. நீளம், அகலம், ஷட்டர், பாத்ரூம், எல்லாம் அடி கணக்கில். படம் நான் எப்பவும் ஒழுங்கா வரைவேன். அதை வச்சு அந்தக் கோடவுனை மறுபடியும் கட்டினேன். சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு சூடு, எவ்வளவு புகைன்னு அது கணக்குப் போடும். இருபது நிமிஷத் தீயைக் கணக்குப் போட அந்த மிஷினுக்கு ஒண்ணரை நாள் வேணும். வெள்ளிக்கிழமை ஓட விட்டுட்டு வந்து ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்தேன்.

நாங்க போய்ச் சேர்ந்ததிலிருந்து கணக்கு. நான் திறந்த மாதிரியே, மூணாவது நிமிஷம் திறந்தா, பாத்ரூமுக்குள்ளே இருக்கிறவங்க நாலரை நிமிஷம் வரைக்கும்தான் உயிரோட இருப்பாங்க. திறக்காம விட்டா, பதினொண்ணு. தண்ணி வந்தது ஏழில்.

நாலு நிமிஷம் மிச்சம் தம்பி. நாலு நிமிஷத்தில் நான் எத்தனையோ பேரைத் தூக்கிட்டு வந்திருக்கேன். ஒரு தடவை ஒரு பசுமாட்டையே கொண்டுவந்திருக்கேன்.

நம்பலை. கட்டத்தைச் சிறுசாக்கி ஓட்டினேன். துணிக்குப் பதிலா வெறும் பஞ்சுன்னு குடுத்து ஓட்டினேன். ஒன்பது தடவை. பக்கத்து மிஷினில் உட்கார்ற பொண்ணு, அபிதான்னு பேர், அதுக்கே பொறுக்கலை. "ஐயா, ஆன்சர் முதல் தடவையே வந்துருச்சு. நீங்க யாரோட சண்டை போடறீங்க?"

பத்தாவது தடவை பாத்ரூம் கதவுக்கடியில் ஒரு சந்து வச்சேன். கட்டை விரல் அகலம். எல்லாக் கதவுக்கும் இருக்கிறதுதானே. ஓட விட்டேன். நாங்க போய்ச் சேர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே ரெண்டு பேரும் முடிஞ்சிருந்தாங்க. அறிக்கையில் நான் எழுதினபடியே, அச்சு அசலா.

அன்னைக்கு காண்டீனில் ரெண்டு வடை சாப்பிட்டேன்.

அப்படியே குடுத்திருக்கலாம். ஈர பெட்ஷீட் யாருக்குத் தெரியும்? அறிக்கையில் இல்லை. போட்டோவில் இல்லை. வாளிக்குள்ளே போட்டவன் நான். உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும், அந்தக் கதவுக்கடியில் சந்து இல்லைன்னு. அந்த ரெண்டு பொம்பளைங்களும் சாகப் போற நேரத்தில் தண்ணியைத் திறந்து, நனைச்சு, மடிச்சு, மூலை வரைக்கும் திணிச்சு வச்சிருந்ததை, நான் கீபோர்டில் ஒரே ஒரு எண்ணைத் தட்டி எடுத்துட்டேன். ரெண்டாவது தடவை.

வடை செரிக்கலை. மூணு நாள் கழிச்சு சந்தை அடைச்சு, முதல் ஆன்சரையே எழுதினேன். அதைச் செஞ்சேன்ல? அதையும் கணக்கில் வச்சுக்கோ.

வைவா அன்னைக்கு பர்வீன் மேடம் நேரா அங்கேயே கை வச்சாங்க. "கதவுக்கடியில் இடைவெளி இல்லைன்னு எப்படிச் சார் எடுத்துக்கிட்டீங்க?" ஈர பெட்ஷீட் அடைச்சிருந்துச்சு மேடம். "ரிப்போர்ட்டில் இல்லையே." அந்த அலுவலர் என்கிட்ட நேரில் சொன்னார்னேன். ஆராய்ச்சியில் பேர் போடக்கூடாதுன்னு விதி. அதனால அறிக்கை, நாச்சிமுத்து எழுதின பதில், எல்லாத்திலும் பேரை மை வச்சு அடிச்சுத்தான் குடுத்திருந்தேன். அவங்களுக்கு அலுவலர் யாருன்னு தெரியாது. "அவரை நாம பேட்டி எடுக்கலாமா? எங்கே இருக்கார்?"

செத்துட்டார் மேடம்னேன்.

வாயில் வந்துருச்சு. "பாவம், கடைசியிலாவது உண்மையைச் சொல்லணும்னு தோணியிருக்கு"ன்னாங்க. நான் தலையாட்டினேன். முதல் வகுப்பு, டிஸ்டிங்ஷன்.

அத்தோட விட்டிருந்தா நீயும் நானும் இப்பப் பேசிக்கிட்டிருக்க மாட்டோம். மூட்டையை எடுத்தியா, போனியான்னு இருந்திருப்போம். போன வாரம் மேடம் போன். "சார், அந்த டிரைவர் எழுதின பதிலை மறுபடியும் படிச்சேன். புகை நிறம், உள்ளே இழுக்கிறது, எல்லாம் சரியா எழுதியிருக்கார். நம்ம ஒன்பது ரன்னும் சொல்றதை அவர் அஞ்சு செகண்டில் சொல்லிட்டார். அவர் உயிரோட இருக்காரா?" இருக்கார்னுட்டேன். ஒருத்தரைத்தானே கொல்ல முடியும். "அவர்கிட்ட இதை யாராவது சொன்னாங்களா சார்? வர்ற சனிக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போங்க. நானே சொல்றேன்."

இன்னைக்கு வியாழன்.

என்ன பார்க்கிறே? மேடம் வராங்கன்னுதான் போறேன்னு நினைக்கிறியா? அது இல்லை. நான் இதுக்கு முன்னாலேயே ரெண்டு தடவை போயிருக்கேன். வைவா முடிஞ்ச அடுத்த வாரமே போனேன். யாரும் சொல்லிப் போகலை.

என்ன ஆச்சா? எங்க பக்கம் பழக்கம் உனக்குத் தெரியும்தானே. வீட்டுக்கு ஒருத்தர் வந்தா வாசல்லயே தண்ணி. அப்புறம்தான் என்ன விசேஷம்னு கேக்கறது. நாச்சிமுத்து சொம்பு நிறையக் கொண்டாந்தான். "வாங்கய்யா. தண்ணி குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க." ரெண்டு கையாலயும் நீட்டறான். வாங்கிக் குடிச்சேன். தண்ணி வாங்கிக் குடிச்ச வாயால அதை எப்படிச் சொல்றது? மழை பத்திப் பேசினோம். திரும்பிட்டேன்.

ரெண்டாவது தடவை சொல்லியே தீர்றதுன்னு போனேன். அவன் மாட்டுக்குத் தீனி வைக்கப் போயிருந்தான். அவன் சம்சாரம்தான் தண்ணி குடுத்துச்சு. குடிச்சுக்கிட்டிருக்கும்போது அதுவே பேச்சோட பேச்சாச் சொல்லுது. செத்துப்போன ருக்மணி அதுக்குச் சின்னம்மா மகளாம். எனக்குத் தெரியாது. சத்தியமா அதுவரைக்கும் தெரியாது. "எங்க ஊர்ப் பக்கமே அவரு வர்றதில்லீங்க. ஒரு சீர்ல பந்தியில உக்காந்தாரு. எல்லாருக்கும் தண்ணி ஊத்திட்டு வந்தவங்க இவரு டம்ளரை மட்டும் தாண்டிப் போயிட்டாங்க. அங்க தண்ணி விடாதவனுக்கு இங்க எதுக்குன்னு ஒரு கெழவி சொல்லுச்சுங்க. அன்னைக்கு எந்திரிச்சு வந்தவருதான்."

சொல்லிட்டு, "இன்னொரு சொம்பு கொண்டாரட்டுங்களா?"ன்னு கேட்டுச்சு.

கொண்டான்னேன். அதையும் குடிச்சேன். வந்துட்டேன்.

அதனால இந்தத் தடவை யோசிச்சு வச்சிருக்கேன். தண்ணி வேண்டாம்னு சொல்லப் போறேன். அது ஒண்ணுதான் வழி. வாசல்ல நின்னுக்கிட்டு தண்ணி வேண்டாம்னா, எங்க ஊரில் அது சும்மா விடற பேச்சு இல்லை. ஏன்னு கேப்பான். நாச்சிமுத்து பதினாலு வருஷமா எதையும் கேட்டதில்லை. இதைக் கேப்பான். கேட்டுட்டான்னா நான் சொல்லித்தான் ஆகணும். தீசிஸைக் கையில் குடுத்துட்டு, நீ சொன்னே, என் காதில் விழுந்துச்சு, நடக்கலைன்னு பொய் சொன்னேன். மூணு வாக்கியம். நான் எண்ணிப் பார்த்துட்டேன்.

உன் பையில் இருக்கிறது தண்ணி பாட்டில்தானே? குடு. பேசிப் பேசித் தொண்டை காஞ்சுபோச்சு. தாகத்தோட போனா அங்கே கை தானா நீளும். இங்கேயே வயிறு நிறையக் குடிச்சுட்டுப் போறேன். முழுசும் வேணும். அடுத்த ஸ்டாப்பில் உனக்கு வாங்கிக்கோ.

ம். போதும்.

காளிபாளையம் பிரிவு வந்துருச்சு. விசில் குடுக்கச் சொல்லு.

இரு. அந்த மரத்தடியில் யார், தெரியுதா? தலையில் துண்டு. வர்றேன்னு நேத்து போன் பண்ணியிருந்தேன். வீட்டில் இருடான்னேன். இந்த வெயிலில் ஸ்டாப்புக்கே வந்து நிக்கிறான். வீட்டுக்கு ஒரு மைல் நடக்கணும், அதுக்குள்ளே மனசைச் சரி பண்ணிக்கலாம்னு இருந்தேன்.

கையில் என்ன வச்சிருக்கான்? எனக்குக் கண்ணாடி போட்டாலும் தூரம் தெரியலை. பாட்டிலா. ஈரத் துணி சுத்தியிருக்கா? சூடாகாம இருக்கச் சுத்தியிருப்பான். மூடியைத் திறக்கிறான், இல்லையா?

தம்பி, இங்கே பால் கேன் ஏத்துவாங்க, வண்டி ரெண்டு நிமிஷம் நிக்கும். நீ ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காரு. நான் இறங்கினதும் பாரு. அவன் நீட்டறதை நான் வாங்கறேனா இல்லையா, அதை மட்டும் பாரு. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். அன்னைக்கு அவன் சொன்னதை என்னைத் தவிர ஒருத்தர் காதில் விழுந்திருந்தா நான் மாத்திச் சொல்லியிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். யாராவது பார்த்துக்கிட்டிருந்தாத்தான் ஒழுங்கா இருப்பேன்.

கண்டக்டர், ஆள் இறக்கம்.

நான் எழுந்தேன்னு மூட்டையை மறுபடியும் அங்கே வைக்காதே.